எரிந்த நோட்டுகளுக்குப் பிறகு: லண்டனில் ஒரு நைஜீரிய நாவலாசிரியர் (நிகழ்வு ஆய்வு)

எதைப் பற்றிய பதிவு

1960களின் நடுவில் லண்டனில் குடியிருந்த ஒரு நைஜீரியப் பெண் தன் முதல் நாவலை எழுதி முடித்தார். கணவர் அதை எரித்துவிட்டார். பத்து ஆண்டுகள் கழித்து அந்த நாவல் மறுபடி எழுதப்பட்டு அச்சில் வந்தது. அதற்குள் அவருடைய வேறு இரண்டு புத்தகங்கள் வெளிவந்திருந்தன. அந்தப் பத்து ஆண்டுகளில் எடுக்கப்பட்ட முடிவுகள் என்ன, எது பலித்தது, எதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

பெயர்களை விட்டுவிட்டேன். அவரை ‘எழுத்தாளர்’ என்றும் மற்றவர்களை அவரவர் உறவையோ வேலையையோ வைத்தும் குறிப்பிடுகிறேன். ஆப்பிரிக்க இலக்கியம் படிக்கிறவர்களுக்கு ஆள் யாரென்று சீக்கிரமே தெரிந்துவிடும், ஒளித்து வைப்பது நோக்கமில்லை. பெயர் வந்தவுடன் ‘இருபது புத்தகம் எழுதியவர், விருது வாங்கியவர்’ என்று கடைசியிலிருந்து பின்னோக்கிப் படிக்க ஆரம்பித்துவிடுகிறோம். 1966இல், 22 வயதில், ஐந்தாவது குழந்தையை வயிற்றில் சுமந்துகொண்டு வீட்டை விட்டு வெளியே வந்தவருக்கு அந்தக் கடைசி தெரியாது.

ஆதாரம் பற்றியும் ஒரு வார்த்தை. அவருடைய முதல் இரண்டு நூல்களும் தன் கதையை வேறொரு பெண்ணின் பெயரில் சொல்பவை. 1986இல் சுயசரிதையும் எழுதினார். நாவலை அப்படியே சாட்சியமாக எடுத்துக்கொள்வது ஆபத்து. அதனால் அந்த இரண்டு நூல்களிலிருந்து எடுக்கும் காட்சிகளை ‘நாவலில்’ என்று சொல்லிவிட்டே எடுக்கிறேன்.

பின்னணி: இபுசாவும் லாகோஸும்

எழுத்தாளர் 1944 ஜூலையில் லாகோஸில் பிறந்தார். பெற்றோருக்குச் சொந்த ஊர் நைஜர் ஆற்றுக்கு மேற்கே உள்ள இபுசா. வீட்டில் பேசியது இக்போ, தெருவில் கேட்டது யோருபா. ஆங்கிலம் பள்ளியில் வந்து சேர்ந்தது. பிற்பாடு எழுதியதெல்லாம் அந்த ஆங்கிலத்தில்தான்.

அப்பா ரயில்வே தொழிலாளி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்காகப் பர்மாவுக்கு அனுப்பப்பட்டவர். அங்கே சதுப்பு நிலத்தில் பட்ட காயத்தின் பின்விளைவுதான் அவரைக் கொண்டுபோனது. மகளுக்கு அப்போது சின்ன வயது. அம்மாவின் கதை இன்னும் கனமானது. இளம் வயதில் அவரை அவருடைய சொந்த அண்ணனே ஒரு உறவுக்காரப் பெண்ணிடம் அடிமையாக விற்றுவிட்டார். விற்ற பணம் எதற்கு? வயது வந்ததைக் கொண்டாடும் நடனத்தில் கட்டிக்கொள்ளப் பட்டுத் தலைத்துணி வாங்க. எஜமானி இறந்த பிறகுதான் அம்மா விடுதலையாகி ஊர் திரும்பினார். இந்தக் கதை 1977இல் ஒரு நாவலாகும்.

முதலில் பள்ளிக்கு அனுப்பப்பட்டது தம்பிதான். பெண் குழந்தைக்கு எதற்குப் படிப்பு என்ற பேச்சு. அடம்பிடித்துப் பள்ளியில் சேர்ந்து, பிறகு உதவித்தொகை வாங்கி லாகோஸின் மெதடிஸ்ட் பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்குப் போனார். விடுமுறைக்கு இபுசா போனால் நிலா வெளிச்சத்தில் வயதான அத்தை சொல்லும் கதைகளைக் கேட்டுக்கொண்டிருப்பார். கதை சொல்வது அந்த ஊரில் மரியாதைக்குரிய காரியம், அதைச் சொல்வது பெண்கள். வகுப்பில் ஒருமுறை எழுத்தாளராகப் போகிறேன் என்று சொன்னதற்கு, அகந்தைக்கு மன்னிப்புக் கேட்டு ஜெபம் செய் என்று ஆசிரியை தேவாலயத்துக்கு அனுப்பியதைச் சுயசரிதையில் சொல்கிறார். அத்தை செய்தால் கௌரவம், ஆங்கிலத்தில் செய்ய நினைத்தால் பாவம்!

11 வயதில் நிச்சயம், 16 வயதில் திருமணம். ஆண்டு 1960, நைஜீரியா விடுதலை பெற்ற அதே ஆண்டு. கணவர் படிப்புக்காக லண்டன் போனார். எழுத்தாளர் லாகோஸில் அமெரிக்கத் தூதரகத்தில் வேலை பார்த்தார், நல்ல சம்பளம். நாவலில், மாமனார் வீட்டார் அவரை லண்டனுக்கு அனுப்ப விரும்பவில்லை. இங்கேயே இருந்து சம்பாதித்து மகனுக்குப் பணம் அனுப்பட்டும் என்பது அவர்கள் கணக்கு. மாமியாரைத் தன் பக்கம் இழுத்துத்தான் கப்பல் ஏற முடிந்தது.

1962: லண்டன்

இரண்டு கைக்குழந்தைகளோடு இங்கிலாந்து வந்து சேர்ந்தார். அதே ஆண்டு ஜூலையில் காமன்வெல்த் குடியேறிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை காமன்வெல்த் நாட்டவர்கள் தடையின்றி உள்ளே வரலாம். அதன் பிறகு வேலைக்கு வருகிறவர்களுக்கு அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. கதவு மூடத் தொடங்கிய ஆண்டில் வந்தவர் இவர்.

வீடு தேடியதுதான் முதல் அடி. வாடகை விளம்பரங்களிலேயே கறுப்பினத்தவர் வேண்டாம் என்று எழுதிவிடுவார்கள், அதைத் தடுக்க அப்போது சட்டம் கிடையாது. 1965இல் வந்த இன உறவுச் சட்டம் ஹோட்டல், சினிமா மாதிரிப் பொது இடங்களோடு நின்றுவிட்டது. வீட்டுக்கும் வேலைக்கும் பொருந்தும் சட்டம் 1968இல்தான் வந்தது. நாவலில் ஒரு காட்சி வருகிறது. வீட்டுக்காரம்மாவுக்குத் தன் குரலில் ஆப்பிரிக்கச் சாயல் தெரியக்கூடாதென்று நாயகி மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு போன் பேசுகிறாள். இருட்டுகிற நேரமாகப் பார்த்து வீட்டைப் பார்க்கப் போகிறார்கள். கதவைத் திறந்த பெண்ணுக்கு இவர்களைப் பார்த்ததும் பேச்சே வரவில்லை. அப்புறம் சொல்கிறாள், அறைகள் இப்போதுதான் போய்விட்டன என்று. நான் பலமுறை படித்த பக்கங்கள் அவை. சிரிக்கத் தொடங்கும் இடத்தில் சிரிப்பு நின்றுவிடும்.

லாகோஸில் தூதரக ஊழியர், வீட்டில் வேலைக்கு ஆட்கள். லண்டனில் ஒற்றை அறை, அடுத்த குழந்தை, தேர்வில் தோற்றுக்கொண்டே இருக்கும் கணவர். சம்பாதித்தவர் மனைவி. மொத்தம் ஆறு ஆண்டுகளில் ஐந்து பிள்ளைகள். கருத்தடைக்குக் கணவர் கையெழுத்து வேண்டும் என்று கிளினிக்கில் கேட்கிறார்கள், நாயகி அந்தக் கையெழுத்தைத் தானே போட்டுவிடுகிறாள், கணவனுக்குத் தெரியவந்ததும் அடி. இதுவும் நாவலில் வருவது.

நூலக வேலையும் நோட்டுப் புத்தகங்களும்

இந்த நிகழ்வில் ஆட்கள் போதிய அளவு கவனிக்காத ஒன்று நூலகம். முதலில் வடக்கு லண்டன் பொது நூலகங்களில் வேலை. 1965 முதல் 1969 வரை பிரிட்டிஷ் மியூசியத்தில் நூலக அலுவலர். அங்கே சம்பளத்தோடு வேறு மூன்று விஷயங்கள் கிடைத்தன: எந்நேரமும் புத்தகங்கள், புத்தகங்களைப் பற்றிப் பேசும் சக ஊழியர்கள், மற்ற கறுப்பின எழுத்தாளர்கள் இருக்கிறார்கள் என்ற தகவல். நாவலில், எழுதியதை முதலில் வாசித்தவர்கள் நூலகத்து நண்பர்கள்தான். இது அச்சுக்குப் போக வேண்டியது என்று சொன்னவர்களும் அவர்களே.

எழுதிய இடம் வீடு. எழுதியது பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் நோட்டுகளில். பொருள் பரிசம்.

பரிசம் என்றதும் நமக்குப் புரிந்துவிடும். நம் ஊரிலும் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் பரிசம் போட்ட காலம் உண்டு, வரதட்சணை அதைத் தின்றுவிட்டது. இக்போ மக்களிடம் பரிசப் பணம் பெண்ணின் தகப்பன் அல்லது சித்தப்பா கைக்குப் போகும். அது கொடுக்கப்படாமல் நடந்த கல்யாணத்தில் பெண் முதல் பிரசவத்தில் செத்துவிடுவாள் என்ற நம்பிக்கை அந்த நோட்டுகளில் இருந்த நாவலின் மையம். குடும்பம் விரும்பாத ஆணோடு ஓடிப்போகும் பெண்ணின் கதை அது. கணவர் வீட்டு மனிதர்களுக்கு அதில் என்ன உறுத்தியிருக்கும் என்பதை ஊகிக்க ரொம்ப யோசிக்க வேண்டாம்.

தீ

கணவர் முதலில் படிக்க மறுத்தார். பிறகு எரித்தார். தன் கதையைச் சொல்லும் நாவலில் அவர் சொல்லும் காரணம், இப்படியொரு புத்தகத்தைத் தன் மனைவி எழுதியிருக்கிறாள் என்று தெரிந்தால் வீட்டார் மன்னிக்க மாட்டார்கள் என்பது.

இருந்தது அந்த ஒரே பிரதி. நகல் கிடையாது.

இந்தச் செயலைக் கணவரின் கொடூரம் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். கொடூரம்தான், சந்தேகமில்லை. அதோடு, லாகோஸில் குடும்பம் போற்றிய மாணவர் லண்டனில் வெள்ளைக்காரர்கள் தள்ளிவைக்கும் ஆளாக, தேர்வில் தோற்கிற ஆளாக ஆகிவிட்டார். வீட்டுக்குள்ளாவது தான் மேலே என்று காட்ட ஓர் இடம் மிச்சமிருந்தது. மனைவி எழுதிய நோட்டுகள் அந்த இடத்தையும் பறித்துவிடும் போலிருந்தது. எழுத்தாளர் இதைத் தன் நூலில் மறைக்கவில்லை. நாவலின் கணவன் வில்லன் இல்லை, நொறுங்கிப்போன ஆள். அவனை மன்னிக்கச் சொல்லியும் அந்த நாவல் நம்மைக் கேட்பதில்லை.

முதல் முடிவு: வெளியேறுவது

1966இல் பிள்ளைகளோடு வெளியேறினார். வயது 22. வயிற்றில் ஐந்தாவது குழந்தை.

நாவலின் கடைசிப் பகுதியில் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகிறது. அங்கே கணவன், தங்களுக்குத் திருமணமே நடக்கவில்லை, பிள்ளைகளைத் தத்துக் கொடுத்தாலும் ஆட்சேபமில்லை என்கிறான். திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று எல்லாவற்றையும் முன்பே எரித்துவிட்டிருக்கிறான். நோட்டுகளை எரித்தவன் காகிதங்களையும் எரித்திருக்கிறான் என்று அப்போதுதான் நமக்குத் தெரிகிறது. பிள்ளைகள் என்னுடையவர்கள், அது போதும் என்று நாயகி சொல்கிறாள். ஜீவனாம்சம் கேட்டுப் போராடவில்லை.

இந்த முடிவு ஏன் சரியாக அமைந்தது என்று கேட்டால், மன உறுதி என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். உறுதி இருந்தது. ஆனால் போய் நிற்க ஓர் இடமும் இருந்தது. மாதச் சம்பளம் வரும் வேலை ஒன்று. இரண்டாவது, அரசு உதவித்தொகையும் கவுன்சில் வீடும் (உள்ளாட்சி மன்றம் வாடகைக்குத் தரும் வீடு). அந்த ஏற்பாடுகள் அவமானத்தோடு கலந்துதான் வந்தன, அதையும் அவர் எழுதியிருக்கிறார். இருந்தாலும் ஐந்து குழந்தைகளோடு ஒரு பெண் தனியாக நிற்பதை அவை சாத்தியமாக்கின. உறவினரின் தயவை நம்பி வெளியேறியிருந்தால் ஒரு மாதத்தில் சமரசம் பேசித் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

இரண்டாவது முடிவு: கையில் இருப்பதை எழுதுவது

எரிந்த நாவலை உடனே திரும்ப எழுத உட்காரவில்லை. வெளியேறிய பிறகு முதலில் எழுதி வெளியிட்டது, தான் அப்போது வாழ்ந்துகொண்டிருந்த வாழ்க்கையை.

வாழ்ந்தது வடக்கு லண்டனில் ஒரு பழைய கவுன்சில் குடியிருப்பில். தந்தையில்லாத குடும்பங்களும் பிரச்சினைக் குடும்பங்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களும் கொண்டுவந்து சேர்க்கப்படும் இடம். முதல் புத்தகத்தில் அந்த மாடிப்படிகளின் ஈரமும் நாற்றமும் அப்படியே இருக்கின்றன. இரவு வகுப்புக்கும் வேலைக்கும் போகும்போது பிள்ளைகளைத் தனியே விட வேண்டியிருக்கிறது, அதிகாரிகள் எச்சரிக்கிறார்கள், கடைசியில் நாயகி மியூசியம் வேலையை விட்டு உதவித்தொகையில் உட்காருகிறாள். அப்போதுதான் அந்தக் குடியிருப்பின் வெள்ளைக்காரப் பெண்கள் அவளைத் தங்களில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். சம்பளம் வாங்கும் கறுப்பினப் பெண்ணாக இருந்தவரை அவள் அன்னியள். வறுமையில் இறங்கியதும் பக்கத்து வீட்டுக்காரி.

குடும்பங்களுக்கு உதவ அமர்த்தப்பட்ட சமூகப் பணியாளர் பற்றிய பகுதிதான் எனக்கு அந்தப் புத்தகத்திலேயே முக்கியம். நல்லவள், அக்கறையானவள். ஆனால் இந்தப் பெண்கள் தங்கள் காலில் நின்றுவிட்டால் அவளுக்கு வேலை இல்லை. அவளை வைத்துக்கொண்டே இந்தப் பெண்கள் அவளைத் தாண்ட வேண்டியிருந்தது. இதைக் குற்றச்சாட்டாக எழுதவில்லை, கிண்டல் கலந்த கவனிப்பாக எழுதியிருக்கிறார். லண்டன் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கத் தொடங்கியிருந்ததும் கைகொடுத்திருக்கும். எதை ஆய்வுக்குரிய மக்கள் என்று பாடப் புத்தகம் சொன்னதோ, அந்த மக்களில் ஒருவராக அவர் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்.

எழுதியதை முழு நாவலாக்கும் வரை காத்திருக்கவில்லை. துண்டு துண்டாக, ஒரு வார இதழுக்கு: நியூ ஸ்டேட்ஸ்மன். விடாமல் அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒருவழியாக அவை அங்கே பத்தியாக வந்தன. அந்தக் கட்டுரைகளே 1972இல் அவருடைய முதல் நூலாயின.

இந்த வரிசைக்கு என் விளக்கம் இது. எரிந்த நாவலுக்கு நீண்ட தொடர்ச்சியான நேரம் வேண்டும். ஐந்து பிள்ளைகளின் வீட்டில் நேரம் கிடைப்பது விடியலில் ஒரு மணி, பிள்ளைகள் தூங்கிய பின் ஒரு மணி. ஒரு பத்தி அந்த ஒரு மணிக்குள் அடங்கும். அச்சில் வந்தால் சின்னதாகப் பணம் வரும், வாசகர் வருவார், பதிப்பகத்துக்குக் காட்ட ஒரு சான்றும் ஆகும். இழந்ததைத் தேடிப் போயிருந்தால் பழையது, புதியது இரண்டும் போயிருக்கலாம்.

1974, 1976

இரண்டாவது நூல் 1974இல் வந்தது. லாகோஸ் சிறுமிப் பருவத்திலிருந்து தீ வரையும் அதற்குப் பின் நீதிமன்றம் வரையும் உள்ள கதை. வெளியிட்டது 1967இல் இரண்டு இளைஞர்கள் தொடங்கிய சிறிய பதிப்பகம். அந்த இருவரில் ஒருவர் கானாவில் பிறந்தவர், பிரிட்டனின் முதல் கறுப்பினப் பெண் பதிப்பாளர் என்று அறியப்படுபவர். பெரிய பதிப்பகம் ஒன்றில் இந்தப் பிரதி இதே கண்ணோடு படிக்கப்பட்டிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அந்த நூலின் சமர்ப்பணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐந்து பிள்ளைகளின் பெயரையும் சொல்லி, அவர்களுடைய இனிமையான பின்னணிச் சத்தம் இல்லாவிட்டால் இது எழுதப்பட்டிருக்காது என்கிறார். அமைதியான அறை கிடைத்த பிறகுதான் எழுத முடியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் யாரும் அதை இரண்டு முறை படிக்கலாம். அதில் கொஞ்சம் குறும்பும் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

எரிந்த நாவல் 1976இல் வெளியானது. நினைவிலிருந்து மறுபடி எழுதப்பட்டது. ஆனால் எழுதியவர் 21 வயதுப் பெண் இல்லை, 30 வயதைத் தாண்டிய, மணமுறிவைக் கடந்து வந்த பெண். இந்த நாவலில் நாயகி ஓடிப்போகிறாள், பரிசம் கொடுக்கப்படவில்லை, முதல் குழந்தையைப் பெற்றுவிட்டு இறந்துபோகிறாள். ஊர் நம்பிக்கை ஜெயித்தது போலத் தெரியும் முடிவு. இது பல பெண்ணிய வாசகர்களைச் சங்கடப்படுத்தியது. சுயசரிதையில் எழுத்தாளர் தரும் விளக்கம், அந்தப் பெண் தன்னைப் போலவே வளர்ந்தவள், மரபை உதறும் பலம் முழுதாக அவளுக்கு வரவில்லை, தான் இறந்திருக்க வேண்டிய மரணத்தை அவள் இறந்தாள் என்பது. மூத்த மகளைப் பெற்றபோது ரத்தசோகையாலும் ஊட்டமின்மையாலும் தானும் மிகவும் துன்பப்பட்டதை அவர் அதோடு சேர்த்து நினைவுகூர்கிறார். வேண்டியவனைக் கட்டிக்கொண்டு, ஊர் சொன்ன சாவுக்குத் தப்பித்து, கடைசியில் அந்தக் கல்யாணத்தையே விட்டு வந்தவர் எழுதிய முடிவு அது.

பின்னால் நடந்தவை

வேகமாகச் சொல்லிவிடலாம். 1969 முதல் 1976 வரை லண்டனில் கல்வித் துறையின் கீழ் இளைஞர் பணி, பிறகு கேம்டனில் சமூகப் பணி. முழுநேர எழுத்து அதற்குப் பிறகுதான். அம்மாவின் அடிமைக் கதையை வைத்து எழுதிய நாவலுக்கு ஜாக் கேம்பல் விருது. 1979இல், தாய்மை என்பதைத் தலைப்பிலேயே கிண்டல் செய்யும் நாவல்: பிள்ளைகளுக்காகவே வாழ்ந்த தாய் வழியோரத்தில் யாருமில்லாமல் சாகிறாள், செத்த பிறகு பிள்ளைகள் ஊரே பேசும்படி பெரிய சாவுச் சடங்கு நடத்துகிறார்கள். அவர் எழுதியதில் மிக அதிகம் பாடமாக வைக்கப்படுவது இதுதான். 1982இல் நைஜீரிய உள்நாட்டுப் போரான பியாஃப்ரா போர் பற்றிய நாவல். போர் நடந்த 1967 முதல் 1970 வரை அவர் லண்டனில் இருந்தார். நைஜீரியாவில் கலபார் பல்கலைக்கழகத்தில் கொஞ்ச காலம் வருகைதரு பேராசிரியர். 1983இல் கிராண்டா இதழ் வெளியிட்ட பிரிட்டனின் சிறந்த இளம் நாவலாசிரியர்கள் 20 பேர் பட்டியலில் இடம்.

1980களின் தொடக்கத்தில் மகனோடு சேர்ந்து சொந்தப் பதிப்பகம் தொடங்கினார். லண்டனிலும் இபுசாவிலும் அதற்குக் கிளை என்று அட்டையில் போட்டார். எரிகிற காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒருவர் அச்சகத்தின் பக்கம் போவதில் ஆச்சரியமில்லை. பிரிட்டிஷ் அரசின் ஓபிஇ பட்டம் 2005இல். 2010இல் பக்கவாதம், அதன் பிறகு எழுத்து நின்றது. 2017 ஜனவரி 25 அன்று லண்டனில், 72 வயதில் காலமானார். மகன் தாயின் நூல்களை மறுபதிப்பு செய்ய ஒரு பதிப்பகத்தை நடத்துகிறார். 1974 நூல் 2021இல் பெங்குவின் மாடர்ன் கிளாசிக்ஸ் வரிசையில் வந்தது.

கொடுத்த விலை

வெற்றிக் கதையாக மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். சுயசரிதையில் பணத் தட்டுப்பாடு பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. முதல் புத்தகம் வந்த பிறகும் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. மூத்த மகளோடு மனத்தாங்கல் ஏற்பட்டு, மகள் தகப்பனிடம் போய் இருந்தாள். தாய்மை பற்றிய அந்தக் கசப்பான நாவல் எழுதப்பட்டது அந்தக் காலத்தில்தான்.

இரு பக்கமும் அடி விழுந்தது. ஆப்பிரிக்க ஆண்களை வெள்ளைக்கார வாசகர் முன் மோசமாகக் காட்டுகிறார் என்று ஒரு தரப்பு. பெண்ணியவாதி என்று முழக்கமிட மறுக்கிறார் என்று இன்னொரு தரப்பு. பெண்ணியவாதிதான் என்றால், feminist என்பதில் f-ஐச் சின்ன எழுத்தில் எழுதும் ஆப்பிரிக்கப் பெண்ணியவாதி என்று பதில் சொல்வார். முதல் குற்றச்சாட்டில் எனக்கு உடன்பாடில்லை. அவருடைய வெள்ளைக்காரப் பாத்திரங்களும் அப்படியொன்றும் நன்றாக வெளிவருவதில்லை. வாடகைக்கு வீடு கொடுக்கும் நைஜீரியரும் தப்பவில்லை, கருணையுள்ள சமூகப் பணியாளரும் தப்பவில்லை.

மாற்றிச் செய்திருக்கக்கூடியவை

சட்டம், நிர்வாகம் பக்கம் முதலில். வீட்டு வாடகையில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1968 வரை தள்ளிப்போகாமல் 1965லேயே வந்திருந்தால், ஒரே அறையில் எல்லோரும் அடைந்து கிடக்கும் நிலை கொஞ்சமாவது தளர்ந்திருக்கும். நெருக்கடியான அறையில் ஒளித்துவைக்க இடமில்லை, நோட்டுகளும் சரி, கோபமும் சரி. கருத்தடைக்குக் கணவர் ஒப்புதல் கேட்கும் வழக்கம் இல்லாதிருந்தால் கள்ளக் கையெழுத்தும் அதற்கான அடியும் இருந்திருக்காது. சமூகப் பணியாளரின் வெற்றியை, அவர் உதவி இனி தேவைப்படாத குடும்பங்களின் எண்ணிக்கையால் அளந்திருக்கலாம். இன்றைக்கும் பல ஊர்களில் அளப்பது நேர்மாறாகத்தான்.

பதிப்பகங்களின் பக்கம்: வார இதழில் தொடர்ந்து எழுதிய ஒருவர் அங்கே வந்து சேர அத்தனை முறை அனுப்ப வேண்டியிருந்தது. கறுப்பினப் பெண்ணின் எழுத்தை வேறுவிதமாகப் படிக்கத் தெரிந்த ஆள் பதிப்பகத்துக்குள் இருந்த ஒரே ஓர் இடம் அடுத்த நூலை எடுத்துக்கொண்டது. அந்த ஒரு கதவும் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியை அந்தக் காலப் பதிப்புலகத்திடம் கேட்க வேண்டும், எழுத்தாளரிடம் இல்லை.

எழுத்தாளர் பக்கம் ஒன்றே ஒன்று, அதுவும் பின்னாலிருந்து பார்த்துச் சொல்வது. பிரதி ஒரே வீட்டில், ஒரே நபர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. நூலகத்தில் அதை வாசித்த நண்பர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் மேசை இழுப்பறையில் ஒரு கார்பன் பிரதி இருந்திருந்தால் நாவல் தப்பித்திருக்கும். கையால் எழுதிய நோட்டுக்குக் கார்பன் பிரதி எடுக்க டைப்ரைட்டரும் தாளும் நேரமும் வேண்டும், மூன்றுமே அவரிடம் அப்போது இல்லை. அதனால் இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். இன்று வீட்டில் எதிர்ப்போடு எழுதுகிற ஒருவர் என்னிடம் கேட்டால், முதலில் நான் கேட்பது இதுதான்: இன்னொரு பிரதி எங்கே, யாரிடம் இருக்கிறது, அந்த வீட்டின் சாவி யார் கையில்?